சபையில் எழுந்த வினா: வட அயர்லாந்தும் அரசின் உடந்தையும்

அரசின் இயல்பினை ஆராய்ந்த அறிஞர் பலரும் அதன் தொழில்களுள் இரண்டினைத் தலையாயவையாக எடுத்தோதுவர். குடிகளின் உயிரைக் காத்தல் ஒன்று. உயிருக்கு ஊறு விளைத்தாரை ஒறுத்தல் மற்றொன்று. இவ்விரண்டினையும் ஆற்றுதற்கெனவே படையும் பொலிசும் நீதிமன்றும் அரசின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவ்வாறாகக் காக்கும் கையே கொல்வோர்க்குத் துணைபோயிற்று என்னும் ஐயம் எழுமாயின், குடிகள் தம் வழக்கினை எங்கே கொண்டு சென்று உரைப்பது?

சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் இவ்வினாவுக்கு விடை எளிதாயிருந்தது. வழக்குரைக்க வந்தவள் நேரே அரசன் முன்னே நின்றாள். தவறு புலப்பட்டதும் அரசன் அதனைத் தன்மேல் ஏற்று அக்கணமே உயிர் துறந்தான். ஆணையிட்டவனும் விடை கூறற்குரியவனும் அங்கே ஒருவனே. இக்கால அரசோ பல்லாயிரம் கைகளால் இயங்குவது. தகவல் திரட்டியவர் ஒருவர். அதைப் பெற்றும் வாளாவிருந்தவர் இன்னொருவர். கோவையைப் பூட்டி வைத்தவர் வேறொருவர். இவற்றுள் எதனையும் அறியேன் என்று சபையிற் கூறும் மந்திரி பிறிதொருவர். ‘யானே செய்தேன்’ என்று சொல்லும் வாய் இவ்வரசினிடத்து இயல்பாக அமைந்திலது. அவ்வாயினைத் தேடிக் குடிகள் செல்லும் இடங்களுள் முதன்மையானது பாராளுமன்றமாகும்.

பாராளுமன்றம் நீதிமன்றமன்று. எவரையும் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இக்காலத்தில் அதற்கில்லை. எனினும் வினா எழுப்புதல், விசாரணைக்கு வழிவகுத்தல், அரசின் சார்பிற் பேசவல்லார் ஒருவரை எழுந்து நின்று விடை கூறச் செய்தல் ஆகிய மூன்று செயல்கள் அதனாற் கூடும். இவற்றின் வலிமையும் வரம்பும் எத்தன்மையன என்பதை ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியாகிய வட அயர்லாந்தின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அயர்லாந்து 1921ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டபோது அதன் வடகிழக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரித்தானிய முடியின் கீழ் எஞ்சின. அங்கே புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். பெல்பாஸ்ற் நகரின் அருகே ஸ்ரோர்மன்ற் என்னுமிடத்தில் அமைந்த சட்டமன்றம் அரை நூற்றாண்டு காலம் பெரும்பான்மையினரின் ஒரே கட்சியின் ஆட்சியிலிருந்தது. வீடு, தொழில், வாக்குரிமை என்பவற்றில் ஓரவஞ்சனை நிகழ்வதாகக் கத்தோலிக்கர் முறையிட்டனர். 1968இல் சிவில் உரிமை இயக்கம் வீதிக்கு வந்தது. 1969 ஓகத்தில் பிரித்தானிய இராணுவம் அங்கு அனுப்பப்பட்டது. ஒருபால் அயர்லாந்துக் குடியரசுப் படையும், மறுபால் பிரித்தானிய முடியின்பாற் பற்றுடைய ஆயுதக் குழுக்களும், இடையே அரச படைகளுமாக ஏறத்தாழ முப்பதாண்டுகள் குருதி சிந்தப்பட்டது. 1998 ஏப்பிரல் 10ஆந் திகதி ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை அப்போருக்கு முடிவு கட்டிற்று.

இக்காலப் பகுதியில் இறந்தோர் 3,500க்கும் மேற்பட்டோர். அவருட் பத்தில் ஆறு பங்கினர் குடியரசுவாத ஆயுதக் குழுக்களாலும், மூன்று பங்கினர் முடிப்பற்றுக் குழுக்களாலும், ஒரு பங்கினர் அரச படைகளாலும் கொல்லப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆயின் இக்கணக்கு துப்பாக்கியை ஏந்திய கை யாருடையது என்பதையே கூறுகின்றது. அக்கைக்கு இலக்கினைக் காட்டியவர் யார், கொலை நிகழுமென முன்னரே அறிந்திருந்தவர் யார், அறிந்தும் தடுக்காதிருந்தவர் யார் என்னும் வினாக்கள் அக்கணக்கினுள் அடங்குவனவல்ல. உடந்தை என்னும் சொல் இவ்வினாக்களையே குறிக்கின்றது.

பாராளுமன்றமும் உண்மையும் இந்நாட்டில் முதன்முதல் நேருக்கு நேர் மோதியது உடந்தை பற்றியதன்று. அரச படைகள் நேரே செய்த கொலை பற்றியது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அது முன்மாதிரியாக அமைந்தமையின் அதனை முதலிற் கூறல் வேண்டும். 1972 சனவரி 30ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை டெறி நகரில் நிகழ்ந்த சிவில் உரிமை ஊர்வலத்தின்போது பரசூட் படைப்பிரிவினர் சுட்டதில் பதின்மூவர் அன்றே இறந்தனர். காயமுற்ற ஒருவர் சில மாதங்களின் பின் இறந்தார். மறுநாள் பொதுமக்கள் சபையில் உள்நாட்டு மந்திரி றெஜினோல்ட் மோட்லிங் எழுந்து, தம்மை நோக்கிச் சுட்டவர்மீதே இராணுவத்தினர் திருப்பிச் சுட்டனர் என்று விளக்கங் கூறினார். மிட் அல்ஸ்ரர் தொகுதியின் உறுப்பினராகிய பேர்ணடெற் டெவ்லின் அவ்வூர்வலத்தில் நேரே நின்றவர், 24 வயதினர். அச்சபையில் அமர்ந்திருந்தோருள் நிகழ்ச்சியைக் கண்ணாற் கண்டவர் அவர். எனினும் பேசுதற்கு அவருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் சபையின் நடுவே கடந்து சென்று மந்திரியின் கன்னத்தில் அறைந்தார். அச்செயல் சபை மரபுக்கு ஒவ்வாதது என்பதில் ஐயமில்லை. கண்கண்ட சாட்சியின் வாயை அடைத்தமை மரபுக்கு ஒத்ததா என்னும் வினாவோ அன்று விடையின்றி நின்றது.

இரண்டு நாட்களுள் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றிப் பிரதம நீதியரசர் விட்ஜரி பிரபுவின் தலைமையில் விசாரணை மன்றம் ஒன்றை அமைத்தன. அது பதினொரு வாரங்களில் தன் அறிக்கையை வெளியிட்டது. படையினர் சிலரின் சூடு எல்லைமீறிய அசட்டைக்கு அண்மையது எனக் குறைகூறிய அவ்வறிக்கை, பெரும்பாலும் அவர்களை விடுவித்தது; இறந்தோர்மீதோ ஆயுதம் தாங்கியோர் என்னும் மாசு படிய விட்டது. பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய அந்நாட்களில் பிரதம மந்திரி எட்வேட் ஹீத் நீதியரசரை அழைத்து, வட அயர்லாந்தில் நிகழ்வது படைப்போர் மட்டுமன்று, பிரசாரப் போருமாகும் என்பதை நினைவில் வைக்குமாறு கூறியிருந்தார். அவ்வுரையாடலின் குறிப்பு 1995இலேயே வெளிப்பட்டது. சபையிற் பகிரங்கமாக எடுத்த முடிவினை மூடிய அறையினுள் உரைத்த சொல் எவ்வாறு திசைதிருப்பக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இறந்தோரின் உறவினர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது முறையிட்டனர். 1998 சனவரி 29ஆந் திகதி பிரதம மந்திரி ரொனி பிளேயர் புதியதொரு விசாரணையைப் பொதுமக்கள் சபையில் அறிவித்தார். அதற்குத் தலைமை தாங்கிய சவில் பிரபுவின் மன்றம் 900க்கும் மேற்பட்டோரை நேரிற் சாட்சியங் கூறச் செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளையும் 19 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட பணத்தையும் செலவிட்டது. 2010 யூன் 15ஆந் திகதி அறிக்கை வெளிவந்தது. கொல்லப்பட்டோருள் எவரும் படையினருக்கு அச்சுறுத்தலாக இருந்திலர் என்பது அதன் முடிபு. அன்றே டேவிட் கமரன் பொதுமக்கள் சபையில் எழுந்து, அக்கொலைகள் நியாயமற்றவை மாத்திரமல்ல, நியாயப்படுத்த முடியாதவையுமாம் என ஒப்புக்கொண்டு, அரசின் பெயராலும் நாட்டின் பெயராலும் மன்னிப்பு வேண்டினார். டெறி நகரின் கில்ட்ஹோல் சதுக்கத்திற் கூடியிருந்த மக்கள் அவ்வுரையைப் பெருந்திரையிற் கேட்டு ஆரவாரித்தனர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கொலை நிகழ்ந்த நாளில் கமரன் ஐந்து வயதுச் சிறுவர். ஹீத், மோட்லிங், விட்ஜரி ஆகிய மூவரும் 2010இல் உயிரோடிருந்திலர். செய்தவர் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவர் ஒன்றும் செய்தவரல்லர். ஆயினும் அச்சொல் பொருளற்றதாகவில்லை. ஆட்களும் கட்சிகளும் மாறினும் அரசு ஒன்றாகவே தொடர்கின்றது என்னும் கோட்பாட்டினாலேயே ஒரு நாட்டின் கடனும் உடன்படிக்கையும் தலைமுறை கடந்து நிலைபெறுகின்றன. பழியும் அவ்வாறே தலைமுறை கடந்து நிற்றல் வேண்டும். அதனை ஏற்கும் சொல் பாராளுமன்றத்தில் உரைக்கப்படும்போதே அரசின் சொல்லாகின்றது.

படையினர் நேரே சுட்ட நிகழ்ச்சியிலேயே உண்மை வெளிவர முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றனவெனின், பிறர் கையாற் செய்வித்த அல்லது செய்ய விட்ட கொலைகளில் அஃது எத்துணை அரிதாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பற்றிக் பினுகேன் என்னும் சட்டத்தரணியின் வழக்கு இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. அவ்வழக்கின் தொடக்கமே ஒரு பாராளுமன்ற உரையாகும்.

1989 சனவரி 17ஆந் திகதி பயங்கரவாதத் தடுப்புச் சட்டமூலத்தைப் பரிசீலித்த பொதுமக்கள் சபைக் குழுவில், உள்நாட்டு அமைச்சின் துணை மந்திரி டக்ளஸ் ஹொக், வட அயர்லாந்திற் சில சட்டத்தரணிகள் குடியரசுப் படையின்பால் அளவுக்கு மீறிய அனுதாபம் உடையவராய் இருக்கின்றனர் என்று கூறினார். பெயர் எதுவும் அவர் சுட்டவில்லை; சான்று எதுவும் காட்டவில்லை. சமூக சனநாயகத் தொழிற்கட்சியின் உறுப்பினர் ஷேமஸ் மலன் உடனே எழுந்து, அச்சொல்லின் விளைவாகக் கொலைஞரின் குண்டுகளுக்குச் சட்டத்தரணிகள் இலக்காகுவர் என எச்சரித்தார். நான்கு வாரம் நிறைவதன் முன், பெப்ருவரி 12ஆந் திகதி, பெல்பாஸ்றிலுள்ள தம் வீட்டில் மனைவியுடனும் மூன்று பிள்ளைகளுடனும் உணவருந்திக்கொண்டிருந்த பினுகேன் பதினான்கு குண்டுகள் பாய்ந்து இறந்தார். மலனின் எச்சரிக்கையும் மந்திரியின் சொல்லும் சபையின் அறிக்கையாகிய ஹன்சாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சுட்டவர்கள் அல்ஸ்ரர் பாதுகாப்புச் சங்கம் என்னும் முடிப்பற்று ஆயுதக் குழுவினர். அக்குழுவின் உளவுத் தலைவராயிருந்து இலக்குகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டிய பிறையன் நெல்சன் என்பார் பிரித்தானிய இராணுவத்தின் இரகசிய உளவாளி. கொலைக்கு உதவிய ஆயுதங்களைக் கொடுத்த வில்லியம் ஸ்ரோபி பொலிசின் சிறப்புப் பிரிவுக்குத் தகவல் கொடுத்தவர். கொலைக் குற்றத்தை 2004இல் ஒப்புக்கொண்ட கென் பரற்றும் பின்னாளிற் பொலிசுக்குத் தகவல் கொடுத்தவரே. ஆகவே கொலையின் ஒவ்வொரு படியிலும் அரசுடன் தொடர்புடைய ஒருவர் நின்றமை காணப்படுகின்றது.

இவ்வுண்மைகள் எளிதில் வெளிவரவில்லை. ஆயுதக் குழுக்களுக்கு அரச படைகளிடமிருந்து தகவல் கசிந்தமை பற்றி ஆராய 1989 செப்ரெம்பரில் இங்கிலாந்துப் பொலிஸ் அதிகாரி ஜோன் ஸ்ரீவன்ஸ் நியமிக்கப்பட்டார். 1990 சனவரியில், நெல்சனைக் கைது செய்யத் திட்டமிட்டிருந்த வேளையில், அவருடைய விசாரணை அலுவலகம் தீக்கிரையாயிற்று. அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீயே என்று ஸ்ரீவன்ஸ் பின்னர் எழுதினார். 1992இல் நெல்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒப்புக்கொண்டமையால் முழுச் சாட்சியமும் பகிரங்க மன்றில் வெளிவரவில்லை. ஸ்ரோபி மீதான வழக்கு 2001இற் குலைந்தது. சில வாரங்களில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2003 ஏப்பிரலில் வெளிவந்த ஸ்ரீவன்ஸின் மூன்றாம் அறிக்கையின் சுருக்கம் பினுகேன் கொலையில் உடந்தை இருந்தது என்றும், அக்கொலையைத் தடுத்திருக்கலாம் என்றும் முடிவு செய்தது. பதிவேடுகளை வேண்டுமென்றே வையாமை, தகவலை மறைத்தல், உளவாளிகள் கொலையிற் பங்கு கொள்ளுதல் ஆகிய அனைத்தும் உடந்தையின் வடிவங்களே என அவர் வகுத்துரைத்தார். துணை மந்திரியின் பாராளுமன்ற உரை நியாயப்படுத்தத்தக்கதன்று என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அவ்வுரைக்கு அடிப்படை பொலிசின் மேலதிகாரிகள் அவருக்களித்த விளக்கங்களே. அவர் கொலையை ஊக்குவிக்கக் கருதினார் என எவ்வறிக்கையும் கூறவில்லை; ஆயின் சரிபாராத செய்தி பாராளுமன்றத்தின் சிறப்புரிமை என்னும் போர்வையில் வெளிவந்தமையின் தீங்கு அதனாற் குறைந்துவிடுமாறில்லை.

இனி, விசாரணை வேண்டும் என்னும் கோரிக்கை எவ்வாறு பந்தாடப்பட்டது என்பதை நோக்குதல் தகும். 2001இல் பிரித்தானிய அரசும் அயர்லாந்து அரசும் வெஸ்ரன் பார்க் என்னுமிடத்திற் கூடி, உடந்தை ஐயமுள்ள சில கொலைகளை வெளிநாட்டு நீதியரசர் ஒருவர் ஆராய்வது என்றும், அவர் பரிந்துரைத்தாற் பகிரங்க விசாரணை நடத்துவது என்றும் உடன்பட்டன. கனடாவின் உயர்நீதிமன்றத்தில் நீதியரசராயிருந்து இளைப்பாறிய பீற்றர் கோரி நியமிக்கப்பட்டார். பினுகேன் உள்ளிட்ட சிலருடைய கொலைகளைப் பகிரங்கமாக விசாரிக்க வேண்டுமென 2004இல் வெளியான அவருடைய அறிக்கைகள் பரிந்துரைத்தன. வாக்குறுதியின்படி விசாரணை உடனே தொடங்கியிருத்தல் வேண்டும்.

அவ்வாறு நடைபெறவில்லை. 2005 ஏப்பிரலில் விசாரணைகள் பற்றிய புதிய சட்டமொன்று வெஸ்ற்மினிஸ்ரர் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. விட்ஜரி மன்றமும் சவில் மன்றமும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரு சபைகளின் தீர்மானத்தால் அமைந்தவை. புதிய சட்டமோ அம்முறையை நீக்கி, விசாரணையை அமைத்தலையும் அதன் வரம்பினை வகுத்தலையும் மந்திரியின் கையில் வைத்தது. சான்றுகள் சிலவற்றைப் பகிரங்கமாகாதவாறு தடுக்கும் அதிகாரத்தையும் அவருக்கு அளித்தது. அத்தகைய சட்டத்தின் கீழ் அமையும் விசாரணையிற் பதவியேற்றலைக் கனடிய நீதியரசர் எவரும் மறுத்தல் வேண்டும் என்று கோரி வெளிப்படையாகக் கூறினார். பினுகேன் குடும்பத்தினரும் அதனை ஏற்க மறுத்தனர். அரசினை வினாவுதற்கெனத் தன்னிடமிருந்த பழைய கருவியொன்றைப் பாராளுமன்றம் தன் வாக்கினாலேயே அரசிடம் கையளித்தது என்று இதனைக் கூறலாம்.

அயர்லாந்துக் குடியரசின் பாராளுமன்றமாகிய டோல் 2006இல் பகிரங்க விசாரணையை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003 யூலையிலேயே, பினுகேன் கொலை முறையாகப் புலனாய்வு செய்யப்படவில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. 2011 ஒக்ரோபரில் வட அயர்லாந்து மந்திரி ஓவன் பற்றேர்சன் பொதுமக்கள் சபையில் உடந்தையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆயின் விசாரணைக்கு மாற்றாகக் கோவைகளை ஆராயும் மீளாய்வு ஒன்றையே அறிவித்தார். சாட்சிகளை அழைக்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ அதில் இடமில்லை.

அம்மீளாய்வை நடத்திய சேர் டெஸ்மன்ட் டி சில்வா இலங்கையராற் பெரிதும் அறியப்பட்டவர். 1939இல் கண்டியிற் பிறந்த அவர், அரசாங்க சபைக் காலத்திற் சுகாதார மந்திரியாயிருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் பேரர். சியறா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் பிரதம வழக்குத்தொடுநராகப் பணியாற்றியவர். 2014இல் இலங்கையிற் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுவுக்கு அமைக்கப்பட்ட சர்வதேச ஆலோசகர் குழுவுக்கும் தலைமை தாங்கியவர். அவருடைய அறிக்கை 2012 டிசெம்பர் 12ஆந் திகதி வெளிவந்தது. 1980களின் பிற்பகுதியில் அல்ஸ்ரர் பாதுகாப்புச் சங்கத்திடமிருந்த உளவுத் தகவல்களில் நூற்றுக்கு 85 பங்கு அரச படைகளிடமிருந்தே சென்றது என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. அரசின் ஊழியர் சிலருடைய பங்கில்லையெனின் அக்கொலை நிகழ்ந்திராது எனவும், மந்திரிமார் உண்மையறியாது தவறான செய்திகளைப் பெற்றனர் எனவும், ஆயின் அரசு முழுவதும் சேர்ந்த கூட்டுச்சதி இருந்ததற்குச் சான்றில்லை எனவும் அவர் எழுதினார். கமரன் மீண்டும் சபையில் எழுந்து, உடந்தையின் அளவு அதிர்ச்சி தருவதெனக் கூறி, மன்னிப்பு வேண்டினார். எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபான்ட் பகிரங்க விசாரணையே தக்கதென வலியுறுத்தினார்.

மன்னிப்புப் பெற்ற பின்னும் கொல்லப்பட்டவரின் மனைவி மனநிறைவு கொள்ளவில்லை. இறந்தோரும் உயிரோடில்லாத அமைப்புகளும் பழிக்குள்ளாக, உயிரோடிருப்போர் வினாவப்படாமலே தப்பினர் என்பது அவருடைய குறைபாடு. 2019 பெப்ருவரியில் ஐக்கிய இராச்சியத்தின் உயர்நீதிமன்றம், அதுகாறும் நடந்த ஆய்வுகள் எவையும் உயிர் வாழும் உரிமையின் சட்டத் தேவையை நிறைவு செய்யவில்லை எனத் தீர்ப்பளித்தது. 2020 நவம்பரில் அரசு மேலும் காலந்தாழ்த்தியது. ஈற்றில் 2024 செப்ரெம்பர் 11ஆந் திகதி வட அயர்லாந்து மந்திரி ஹிலாரி பென் பகிரங்க விசாரணையைப் பொதுமக்கள் சபையில் அறிவித்தார். கொலை நிகழ்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. பழிக்குரிய 2005ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விசாரணைக்கும் அடிப்படையாயிற்று.

எல்லைக்கு அப்பாலும் இத்தகைய வினாக்கள் எழுந்தன. 1974 மே 17ஆந் திகதி டப்ளினில் மூன்று குண்டுகளும் மொனஹனில் ஒன்றும் வெடித்து 33 பேர் மாண்டனர். முப்பதாண்டுப் போரில் ஒரே நாளில் மிகப் பலர் இறந்தது அன்றேயாம். அல்ஸ்ரர் தொண்டர் படை 1993இல் அதற்குப் பொறுப்பேற்றது, எவரும் தண்டிக்கப்படவில்லை. நீதியரசர் ஹென்றி பரன் 2003இல் வெளியிட்ட அறிக்கை, அயர்லாந்துப் பொலிசின் புலனாய்வு விரைவிற் கைவிடப்பட்டதையும், அந்நாட்டு நீதியமைச்சிற் கோவைகள் காணாமற்போனதையும் எடுத்துக்காட்டியது. பிரித்தானியப் படைகளைச் சேர்ந்த தனியாட்கள் சிலர் சம்பந்தப்பட்டிருத்தல் கூடுமென்றும், மேல்மட்ட உடந்தையை நிலைநாட்டச் சான்று போதாதென்றும் அது கூறிற்று. மூல ஆவணங்களைச் சர்வதேச நீதியாளர் ஒருவர் பார்வையிட இலண்டன் இடமளித்தல் வேண்டுமென 2008, 2011, 2016ஆம் ஆண்டுகளில் டோல் சபை எல்லாக் கட்சியினரின் உடன்பாட்டுடன் தீர்மானித்தது. ஒரு பாராளுமன்றத்தின் ஒருமித்த குரலாயினும் இன்னோர் அரசின் பூட்டினைத் திறக்க வல்லதன்று என்பது இதனாற் பெறப்படும்.

அதே டோல் தன் நாட்டின் குற்றத்தையும் ஆராயப் பின்னிற்கவில்லை. 1989 மார்ச்சு 20ஆந் திகதி, எல்லையின் தென்பால் நடந்த கூட்டமொன்றிலிருந்து திரும்பிய வட அயர்லாந்தின் இரு உயர் பொலிஸ் அதிகாரிகளைக் குடியரசுப் படையினர் வழிமறித்துக் கொன்றனர். டோலின் தீர்மானத்தால் 2005இல் அமைந்த சிமித்விக் மன்றம், அயர்லாந்துப் பொலிசாருள் உடந்தையாயினார் இருந்தனர் என 2013 டிசெம்பரில் முடிவு கூறிற்று; அயர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது. உடந்தை ஒரு கொடிக்கோ ஒரு சமயத்துக்கோ உரியதன்று என்பதற்கு இது சான்று.

இக்கோரிக்கைகளுக்கு மாறாகக் கூறப்படும் நியாயங்களையும் எடைபோடுதல் வரலாற்று மாணவனின் கடன். பழம்புண்ணைக் கிளறுதல் அமைதியைக் கெடுக்கும் என்பர் சிலர். ஆவணம் வைக்கும் அரசு மட்டுமே குற்றக் கூண்டில் நிற்க, ஆவணமே வையாத ஆயுதக் குழுக்கள் தப்புகின்றன என்பர் பிறர். பத்தில் ஆறு பங்கினரைக் கொன்றவர் யாரென்பதை நினைவிற் கொண்டால், இரண்டாவது நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. உளவாளிகளாற் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது மூன்றாவது நியாயம். குடியரசுப் படையினுள் இராணுவத்துக்காக உழைத்த ‘ஸ்ரேக்நைவ்’ என்னும் மறைபெயருடைய உளவாளியின் செயல்களை ஆராய்ந்த கெனோவா விசாரணையின் 2024ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கை, அவரால் காக்கப்பட்ட உயிர்களினும் இழக்கப்பட்டவையே மிகுதியாதல் கூடும் என்றது. இங்கே இறந்தோர் பலர் குடியரசுப் படையின் கையால் மாண்டவர். ஆகவே அரசின் உடந்தையை வினாவுதல் ஆயுதக் குழுக்களைத் தப்பவிடுதலாகாது. அவற்றின் கொலைகள் பற்றிய உண்மையும் அதே கோவைகளுள்ளேயே கிடக்கின்றது.

2023 செப்ரெம்பரில் வெஸ்ற்மினிஸ்ரர் நிறைவேற்றிய சட்டம் இவ்வினாக்களை ஒரேயடியாக முடிக்க முயன்றது. உண்மை கூறுவோருக்கு நிபந்தனையுடன் வழக்கிலிருந்து விலக்களிக்கவும், புதிய சிவில் வழக்குகளைத் தடுக்கவும், முடிவுறாத மரண விசாரணைகளை 2024 மே மாதத்தோடு நிறுத்தவும் அது விதித்தது. வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் எல்லாம், தம்முள் என்றும் ஒத்துப்போகாதவை, அதனை எதிர்ப்பதில் ஒன்றுபட்டன. அயர்லாந்து அரசு ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 பெப்ருவரியில் பெல்பாஸ்ற் மேல்நீதிமன்றம் அவ்விலக்கு மனித உரிமைச் சமவாயத்துக்கு முரணானதெனத் தீர்த்தது. அவ்வாண்டு யூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அச்சட்டத்தை நீக்கி வேறொன்றை இயற்றுவதாக அறிவித்தது. வினா எழுப்புதற்குரிய சபையே வினாவினைத் தடைசெய்யவும் வல்லது என்பதை 2005ஆம் ஆண்டுச் சட்டமும் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் உணர்த்துகின்றன.

இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க முடிபு யாது? பாராளுமன்றம் நீதி வழங்கவில்லை. டெறிப் படுகொலையின் பொருட்டுக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரே படைவீரரும் 2025 ஒக்ரோபரில் நீதிமன்றால் விடுவிக்கப்பட்டார். அரை நூற்றாண்டின் பின் சான்றுகள் போதுமானவையாயிருந்தில. உண்மை தாமதித்து வரும்போது தண்டனை பெரும்பாலும் கைநழுவிவிடுகின்றது. ஆயின் பாராளுமன்றத்தில் எழுந்த வினா ஹன்சாட்டில் எழுத்தாகி நின்றது. கேட்டவர் இறந்த பின்னும் கேள்வி இறக்கவில்லை. மலன் 2020 சனவரியில் மறைந்தார். அவருடைய எச்சரிக்கைக்கு முழு விடை தேடும் விசாரணை நான்கு ஆண்டுகளின் பின்னரே அறிவிக்கப்பட்டது.

பொறுப்புக்கூறல் என்று இக்காலத்தில் வழங்கும் சொல்லிலேயே இதன் பொருள் பொதிந்துள்ளது. பொறுப்பினை மனத்தில் உணர்தல் மட்டும் போதாது. அதனைக் கூறுதல் வேண்டும். கேட்போர் முன்னிலையிற் கூறுதல் வேண்டும். பாண்டியன் அவையில் ஒரு கணத்தில் நிகழ்ந்தது இக்கால அரசில் நிகழ நாற்பது ஆண்டுகள் செல்லலாம். அந்நாற்பது ஆண்டுகளும் வாயிலில் நின்றோர் டெறியின் தாய்மாரும் பெல்பாஸ்றின் கைம்பெண் ஒருவரும் டப்ளின், மொனஹன் வீதிகளில் உறவை இழந்தோருமே. அவருட் பலர் விடை கேளாமலே மண்ணடைந்தனர். அவர் விட்ட இடத்திலிருந்து அவர்தம் பிள்ளைகள் வினாவைத் தொடர்ந்தனர்.